பாடி ஆடும் பருவம்

பள்ளி ஆண்டுமலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை தேர்வைப் பற்றியோ, ஒழுக்கத்தைப் பற்றியோ, கட்டட நிதியைப் பற்றியோ அமைவது வழக்கம். இவ்வாண்டு நாம் தேர்வே அறியாத சிறார்களைப் பற்றி எழுத முற்படுகிறோம். நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பாலகர்கள் ஒன்றுகூடிப் பாடி ஆடும் எளிய விளையாட்டுகளே இக்கட்டுரையின் பொருள். “விளையாட்டுக்கும் ஒரு கட்டுரையா?” என்று பெற்றோர் சிலர் வியக்கக்கூடும். முதலாம் ஆண்டு வகுப்பில் காலடி வைக்கும் குழந்தை வாய் திறந்து தமிழில் பேசுமா, அன்றித் தலை குனிந்து அமர்ந்திருக்குமா என்பது இவ்விளையாட்டுகளைப் பெரிதும் பொறுத்தது என்பது நம் உறுதியான கருத்து. அதன் காரணத்தை முதலில் விளக்கி, வீட்டிலும் பாலர் வகுப்பிலும் ஆடத்தக்க சில விளையாட்டுகளைப் பின்னர்த் தருகிறோம்.

முன்னோர் கண்ட முறை

பாட்டையும் உடலசைவையும் இணைத்துக் குழந்தையை வளர்க்கும் முறை நமக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை எடுத்துக்கொள்வோம். அதில் குழந்தையின் வளர்ச்சி பத்துப் பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஐந்தாம் மாதத்தில் செங்கீரைப் பருவம். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுமாறு குழந்தையை வேண்டுவது அது. ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, அதாவது கைகொட்டி ஆடும் பருவம். பின்னர்த் தளர்நடை நடந்து வருமாறு அழைக்கும் வருகைப் பருவமும், நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவமும் வருகின்றன. குழந்தையின் உடல் எந்தத் திங்களில் எதற்கு ஆயத்தமாகிறது என்பதை நம் தாய்மார் கூர்ந்து நோக்கியிருந்தனர். புலவர்கள் அதனையே நூலாக்கினர்.

மாணிக்கவாசகரின் திருவாசகத்திலும் அம்மானை, சாழல், உந்தி, பொன்னூசல் போன்ற பகுதிகள் உள்ளன. இவை யாவும் மகளிர் கூடி விளையாடும்போது பாடிய பாட்டு வடிவங்கள். தத்துவப் பொருளைச் சொல்லவும் விளையாட்டுப் பாட்டே ஏற்றது என்று அவர் கருதினார்போலும்.

மேனாட்டிலும் இவ்வுண்மை பின்னாளில் உணரப்பட்டது. பாலர் பள்ளியைத் தோற்றுவித்த செருமானிய அறிஞர் பிரடெரிக் பிரோபல், தாய்மார் குழந்தையுடன் பாடி ஆடுவதற்கென விரல் விளையாட்டுகளும் பாட்டுகளும் அடங்கிய நூலொன்றை 1844ஆம் ஆண்டு வெளியிட்டார். அவருடைய பள்ளியில் பிள்ளைகள் வட்டமாக நின்று பாடி ஆடுவது நாள்தோறும் நடந்த பாடம். தமிழில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும், நம் நாட்டில் கவிஞர் முரசு நெடுமாறனும் குழந்தைகளுக்கெனவே பாடல்கள் இயற்றித் தந்தனர். வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ 1944இல் வெளிவந்தது. தமிழாசிரியர் பலர் அந்நூலைத் தம் பாடநூலுக்கு அடுத்தபடியாகப் போற்றினர்.

லயத்து வாசல் ஒரு பள்ளி

நம் தோட்டங்களின் கதை வேறு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டும் என்று விதித்தது. பள்ளி வயதை எட்டாத சிறார்க்கோ ஆயாக்கொட்டகையே புகலிடம். விடியுமுன் பெற்றோர் பிரட்டுக்குச் சென்றுவிடுவர். கைக்குழந்தைகள் தொட்டிலிலும், சற்றே வளர்ந்தவர்கள் கொட்டகை முற்றத்திலுமாகப் பொழுது கழியும். பாலர் கல்வி தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாகச் சட்டத்தில் இடம்பெற்றது 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில்தான்.

அதற்கு முன் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாலர் கல்வியே இல்லையா? இருந்தது. மாலை வேளையில் லயத்து வாசலில் அது நடந்தது. மூத்த பெண்பிள்ளைகளே ஆசிரியைகள். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, விரல் விரலாக வீட்டாருக்குப் பங்கு வைத்து, இறுதியில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை அறியாத தோட்டத்துப் பிள்ளை அக்காலத்தில் இல்லை. இருவர் கைகோத்து வளைவு அமைக்க, மற்றவர் வரிசையாக அதன் கீழ் நுழைந்து செல்வர். இரு அணியினர் எதிரெதிரே நின்று பாட்டிலேயே கேள்வி கேட்டுப் பாட்டிலேயே விடை சொல்வர். வட்டமாக அமர்ந்தவர்களின் முதுகுப்புறம் ஒருவர் துணியை மறைத்து வைத்துவிட்டு ஓடுவார். இவற்றைக் கல்வி என்று அன்று எவரும் அழைக்கவில்லை. ஆயினும் ஐந்து விரலையும் முறையாக எண்ணவும், உறவுமுறைப் பெயர்களைத் தெரிந்துகொள்ளவும், கேட்ட கேள்விக்கு விடை கூறவும் பிள்ளைகள் அங்கேதான் கற்றனர்.

விளையாட்டு கற்பிப்பது யாது?

முதலாவதாக, மொழி. ‘குதி’ என்ற ஒரு சொல்லைமட்டும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் பலர் காலம் தள்ளுகின்றனர். தமிழிலோ கன்று துள்ளுகிறது, தவளை தத்துகிறது, குரங்கு தாவுகிறது, வாய்க்காலைக் கடக்கும் ஆடு தாண்டுகிறது. இந்நான்கு சொற்களின் வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி விளக்கினால் ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியாது. நான்கு விதமாகக் காலால் ஆடிப் பார்த்த குழந்தைக்கு விளக்கமே வேண்டா. அவ்வாறே முன், பின், மேல், கீழ், இடம், வலம், உள்ளே, வெளியே ஆகிய சொற்களும் உடல் நகரும்போது எளிதில் பதிகின்றன. மேலும், பாட்டில் எதுகையும் மோனையும் வரும்போது ஒலி வேறுபாடுகளைக் காது பிரித்தறியப் பழகுகிறது. ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாட்டைக் கேட்டு அறியாத காது, எழுதும்போது கைக்கு எவ்வாறு வழிகாட்டும்?

இரண்டாவதாக, தன்னடக்கம். பாட்டு நிற்கும்போது தானும் அசையாது நிற்பதும், தன் முறை வரும்வரை காத்திருப்பதும் நமக்கு அற்பமாகத் தோன்றலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு அது பெரும் உழைப்பு. ஓடுவதைவிட நிற்பதே அதற்குக் கடினம். வகுப்பறையில் பிறர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் பழக்கம் இத்தகைய விளையாட்டில்தான் வேர் விடுகிறது.

மூன்றாவதாக, துணிவு. தனியே எழுந்து பேச அஞ்சும் குழந்தையும் பத்துப் பேருடன் சேர்ந்து பாடுகையில் அஞ்சுவதில்லை. தன் குரல் பிற குரல்களினூடே கலந்து ஒலிப்பதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அது தனித்தும் ஒலிக்கிறது. கூச்சம் தெளிவிக்க இதனினும் எளிய வழியை நாம் கண்டதில்லை.

நான்காவதாக, உடல் வளர்ச்சி. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைவில் ஈடுபட வேண்டும் என்றும், அதில் 60 நிமிடங்களேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. திரையின் முன் அமரும் நேரம் ஒரு மணிக்கு மேற்படலாகாது என்பதும் அவ்வழிகாட்டியின் கூற்று.

ஆறு விளையாட்டுகள்

கீழ்க்காணும் விளையாட்டுகளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு பிள்ளைகள் போதும். பொருள் எதுவும் வாங்க வேண்டுவதில்லை. பாட்டுகள் பாலர் வகுப்புக்கென நாமே கட்டியவை. அவற்றைத் தங்கள் வசதிக்கேற்பத் திருத்தியும் நீட்டியும் பாடிக்கொள்ளலாம்.

1. வட்டம். பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்கட்டும். முதலிரு அடிகளைப் பாடும்போது பின்னோக்கி நகர்ந்து வட்டத்தை விரிக்க வேண்டும். பின்னிரு அடிகளுக்கு முன்னோக்கி வந்து குறுக்க வேண்டும்.

பெரிய பெரிய வட்டமாம்
பின்னே போனால் கிட்டுமாம்
சின்னச் சின்ன வட்டமாம்
சேர்ந்து வந்தால் கிட்டுமாம்

எல்லா விளையாட்டுக்கும் இதுவே தொடக்கமாதல் நன்று. ஒருவர் கையை ஒருவர் விடாமல் நகர்வதே இதில் அவர்கள் கற்கும் பாடம்.

2. பெயர் சொல்லல். வட்டமாக அமர்ந்து, அனைவரும் கைதட்டிப் பாட வேண்டும்.

கையைத் தட்டி அழைக்கிறோம்
காதைத் தீட்டிக் கேட்கிறோம்
உன்றன் பெயரைச் சொல்லுவாய்
ஊரே கேட்கச் சொல்லுவாய்

பாட்டு முடிந்ததும் ஒரு குழந்தை தன் பெயரைச் சொல்லும். மற்றவர் அப்பெயரை ஒலி ஒலியாகப் பிரித்துக் கைதட்டித் திரும்பச் சொல்வர். மாலா எனில் இருமுறை, கவிதா எனில் மும்முறை. சொல்லை ஒலிகளாகப் பிரிக்கத் தெரிந்த குழந்தைக்குப் பின்னாளில் எழுத்துக்கூட்டிப் படித்தல் எளிதாகும்.

3. லாரி. ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாக நிற்கட்டும். முன்னிற்பவரே ஓட்டுநர்.

லாரி நல்ல லாரி
குலைகள் எல்லாம் வாரி
மேட்டில் மெல்ல ஏறும்
இறக்கம் கண்டால் சீறும்

செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரியை அறியாத தோட்டத்துப் பிள்ளை உண்டோ? மூன்றாம் அடிக்கு மெதுவாகவும் நான்காம் அடிக்கு விரைவாகவும் நடக்க வேண்டும். இடையே ஆசிரியர் கைதட்டினால் லாரி உடனே நிற்க வேண்டும். வரிசை அறுந்து போனால் குற்றமில்லை. மீண்டும் இணைத்துக்கொண்டு புறப்படலாம்.

4. மங்குஸ்தீன். இப்பழத்தின் அடியில் பூப்போன்ற ஒரு முத்திரை உண்டு. அதிலுள்ள இதழ்கள் எத்தனையோ அத்தனை சுளைகளே உள்ளே இருக்கும். பழம் கிடைக்கும் காலத்தில் முதலில் உண்மைப் பழத்தையே காட்டி, இதழை எண்ணச் செய்து, பிறகு பிளந்து காட்டுவது சிறப்பு. பின்னர்ப் பிள்ளைகள் பாடியவாறே பரவலாக நடக்கட்டும்.

மங்குஸ்தீன் பழமாம்
உள்ளே வெள்ளைச் சுளையாம்
அடியில் பூவை எண்ணலாம்
அத்தனை பேர் சேரலாம்

ஆசிரியர் “ஐந்து!” என்றதும், ஐவர் ஐவராகத் தோளோடு தோள் சேர்ந்து சுளைபோல் நிற்க வேண்டும். எக்குழுவிலும் சேர இயலாது எஞ்சும் பிள்ளைகள் அடுத்த எண்ணைச் சொல்லும் உரிமையைப் பெறுவர்.

5. துள்ளல், தத்தல், தாவல். ஒவ்வோர் அடிக்கும் அதற்குரிய அசைவைச் செய்ய வேண்டும்.

கன்று போலத் துள்ளலாம்
தவளை போலத் தத்தலாம்
குரங்கு போலத் தாவலாம்
நத்தை போல நகரலாம்

நத்தையில் முடிப்பதற்குக் காரணம் உண்டு. துள்ளித் தாவிய மூச்சு அதற்குள் அடங்கிவிடும். பிள்ளைகள் பழகியபின், வேறு விலங்குகளை அவர்களே சொல்லட்டும். பாம்பு ஊரும், யானை அசைந்து நடக்கும், மயில் அகவி ஆடும். ஒவ்வொரு விலங்கும் ஒரு புதுச் சொல்லைக் கொண்டு வரும்.

6. மழை. அமர்ந்தபடி ஆடும் விளையாட்டு இது. ஒரு விரலால் உள்ளங்கையைத் தட்டத் தொடங்கி, பின்பு இரு விரலாலும், பின்பு ஐந்து விரலாலும் தட்ட வேண்டும். இறுதி அடியில் ஒலியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கைகளை மடியில் வைத்துவிட வேண்டும்.

ஒற்றை விரலில் தூறல்
இரண்டு விரலில் சாரல்
ஐந்து விரலில் அடைமழை
ஓய்ந்து போனது பெருமழை

பாட்டு முடிந்ததும் வகுப்பில் நிலவும் அமைதியைச் சில நொடிகள் பிள்ளைகள் கேட்கட்டும். அதட்டி வருவிக்கும் அமைதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியரே உணர்வார்.

நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

இவ்விளையாட்டுகளில் எவரும் தோற்று வெளியேறுதல் கூடாது. பெரியவர்களின் போட்டிகளில் தோற்றவர் ஒதுங்குவது முறை. சிறுவர் விளையாட்டில் அம்முறையைப் புகுத்தினால், அதிகப் பயிற்சி தேவைப்படும் குழந்தையே முதலில் வெளியேறி வேடிக்கை பார்க்க நேரிடும்.

கூச்சமுள்ள குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்தல் வேண்டா. அது ஓரமாக நின்று பார்க்கட்டும். பார்ப்பதும் கற்பதே. சில நாள்களில் அதன் உதடு அசையும். பின்பு கால் அசையும். நடக்க இயலாத குழந்தை இருப்பின், அனைவரும் அமர்ந்தே ஆடும் விளையாட்டுகளை முதலில் வைத்துக்கொள்ளலாம். பெயர் சொல்லலும் மழையும் அவ்வகையின.

பாட்டை மெதுவாகப் பாடுக. பெரியவர்களின் விரைவுக்குக் குழந்தையின் கால் ஈடுகொடாது. ஒரே விளையாட்டைக் குழந்தை பத்து முறை கேட்டால் பத்து முறையும் ஆடுக. நமக்குச் சலிப்பு வரும் இடத்தில்தான் குழந்தைக்குத் தேர்ச்சி வரத் தொடங்குகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு புது விளையாட்டே போதும்.

இடத்தையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெயில் ஏறுமுன் காலை வேளையோ, வெயில் தாழ்ந்த மாலை வேளையோ ஏற்றது. வேர்களும் கற்களும் இல்லாத நிழலிடமோ, பொது மண்டபமோ, கோயில் முன்றிலோ போதும். நழுவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுவதே பாதுகாப்பு. அருகில் குடிதண்ணீர் இருத்தல் நலம்.

அண்டை வீட்டு மலாய், சீனப் பிள்ளைகள் வந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்க. கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எறும்பு கடிப்பதுபோல் புறங்கையைக் கிள்ளிப் பாடும் விளையாட்டு மலாய்ப் பிள்ளைகளிடம் உண்டு. நம் பிள்ளைகள் அதனைக் கற்கட்டும். அவர்கள் நம் பருப்புக் கடைதலைக் கற்கட்டும்.

இன்றைய நிலை

பால்மரங்கள் நின்ற இடத்தில் இன்று பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் பல குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்துவிட்டன. தோட்டப் பள்ளிகள் சிலவும் பட்டணத்துக்கே இடம் மாறின. வீடு வசதியானது, மின்சாரமும் குழாய்நீரும் தடையின்றி வந்தன என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அடுக்குமாடியில் லயத்து வாசல் இல்லை. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஆடும் மூத்த அக்காமாரும் இல்லை. வேலைக்குச் சென்று களைத்து வரும் தாய், அழும் குழந்தையின் கையில் திறன்பேசியைக் கொடுத்துவிட்டு உலை வைக்கிறார். அத்தாயின் மீது நாம் குறை கூறமாட்டோம். அக்காலத்துத் தாய்க்கு லயத்தார் அனைவரும் துணை நின்றனர். இக்காலத்துத் தாய்க்கு அத்துணை இல்லை.

திறன்பேசியும் பாடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். பாடுகிறது. ஆனால் குழந்தை திணறினால் அது நின்று காத்திருப்பதில்லை. குழந்தையின் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. கையைப் பற்றுவதுமில்லை. குழந்தை பாடாவிட்டாலும் அது தானே பாடி முடித்துவிடுகிறது. அவ்வாறு கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளை, பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ளும். தான் பேசத் தயங்கும். அத்தகைய பிள்ளைகள் முதலாம் ஆண்டில் ஆண்டுதோறும் நம் முன் அமர்கின்றனர். ஆசிரியர் கேட்பது தெரிகிறது, விடையும் தெரிகிறது, வாய்மட்டும் திறப்பதில்லை. அவர்களுக்கு அறிவு குறைவன்று. தமிழில் வாய்விட்டுப் பேசும் வாய்ப்பே குறைந்துபோயிற்று.

இதற்கு மருந்து நாளொன்றுக்குப் பத்து நிமிடம். பெற்றோர் நால்வர் முறை வைத்துக்கொண்டு, அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ தோட்டத்துத் திடலிலோ மாலையில் பிள்ளைகளைக் கூட்டலாம். பாட்டிமார் உள்ள வீடுகளில் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் நினைவில் உள்ள விளையாட்டுப் பாட்டுகள் பல எந்த நூலிலும் ஏறாதவை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு விதமாக வழங்கியவை. அவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, எவ்வாறு ஆடுவது என்பதையும் சேர்த்துக் குறித்துப் பள்ளிக்குத் தந்தால், நாம் அவற்றைத் தொகுத்துப் பாலர் வகுப்பில் வழங்கச் செய்வோம்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவச் செல்வங்களே! இக்கட்டுரையில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அக்காலத்தில் லயத்து வாசலில் ஆசிரியைகளாக விளங்கியவர்கள் உங்கள் வயதினரே. இவ்விடுமுறையில் உங்கள் தம்பி தங்கையரையும் அண்டை வீட்டுச் சிறார்களையும் ஐந்தாறு பேராகச் சேர்த்துக்கொண்டு, மேற்கண்டவற்றுள் இரண்டு விளையாட்டுகளையேனும் கற்றுக்கொடுங்கள். பள்ளி திறந்ததும், எதை அவர்கள் விரும்பினார்கள், எந்த அடியை மாற்றிப் பாடினார்கள் என்பதை வந்து சொல்லுங்கள். அவர்கள் மாற்றிப் பாடிய அடி நம் அடியைவிட நன்றாக இருப்பின், அடுத்த ஆண்டுமலரில் அதனையே அச்சிடுவோம்.